காசு வைத்த வாழ்த்து அட்டை: முதல் முறை செய்பவர்களுக்கு

பல வருடங்களுக்கு முன் அக்காவின் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். உள்ளே குத்துவிளக்கு வரைந்து, சுடர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளிக் காசை ஒட்டினேன். சில நொடிகளில் காய்ந்துவிடும் பசை கையில் இருந்தது, அதையே போட்டேன். மறுநாள் காசைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்ததுபோல ஒரு பூச்சு. அந்த வகைப் பசை காயும்போது வெளிவரும் ஆவி பக்கத்திலேயே படிந்து அப்படித்தான் வெளுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அக்காவும் காசை எடுக்கப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள், பிறகு கத்தியால் சுரண்டினாள். காசு வந்தது, விளக்கும் அதோடு கிழிந்து வந்தது. பூஜை அறையில் அந்தக் காசு இன்றும் முதுகில் ஒரு துண்டு அட்டையோடு இருக்கிறது.

தவறு பசையில் மட்டும் இல்லை. அழகாக ஒரு படம் வரைந்துவிட்டு, அதில் காசுக்கு எங்கே இடம் என்று பிறகு தேடினேன். இந்த வேலையை நேர் எதிராகத்தான் தொடங்க வேண்டும். பரிசை முதலில் மேசையில் வைத்து அளக்க வேண்டும். பிறகு அது எப்படி வெளியே வரும் என்று யோசிக்க வேண்டும். படமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இங்கே பழகுவதற்கு ஒரு பொங்கல் அட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் 20 ரூபாய் நாணயம் ஒன்று சூரியனாக உட்காரும். பொங்கலன்று பெரியவர்கள் பிள்ளைகள் கையில் காசு வைக்கிற வழக்கம் உள்ள வீடுகளுக்கு இது சரியாகப் பொருந்தும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் வண்ண உறைகளைப் பார்த்தவர்களுக்கு யோசனை புதிதல்ல. உறையில் காசு மறைந்திருக்கும், இதில் காசே படத்தின் ஒரு பகுதி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாணயத்தை அளப்பது

20 ரூபாய் நாணயம் 2020-இல் புழக்கத்துக்கு வந்தது. பன்னிரண்டு பக்கம் கொண்டது, குறுக்களவு 27 மி.மீ., எடை 8.54 கிராம். நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை வளையம். சூரியனுக்கு இதைவிடப் பொருத்தமாக ரிசர்வ் வங்கி எதையும் வெளியிடவில்லை. 10 ரூபாய் நாணயமும் அதே 27 மி.மீ.தான். ஆனால் நிறம் தலைகீழ்: வெளிவளையம் மஞ்சள், நடு வெள்ளை. அதைப் பூவாக வைக்கலாம், மயில் தோகையின் கண்ணாக வைக்கலாம்.

தடிமனைச் சாதாரண ஸ்கேலில் அளக்க முடியாது. ஐந்து நாணயங்களை அடுக்கி மொத்த உயரத்தை அளந்து ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாணயம் இரண்டு மி.மீ.யை ஒட்டி வரும். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள், அட்டையின் முதுகு எவ்வளவு அகலம் என்பதை அதுதான் சொல்லப்போகிறது.

வெள்ளிக் காசு வைக்கப் போகிறீர்கள் என்றால் நகைக்கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு வைக்கிறீர்களா, உறை இல்லாமலா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். உறையோடு என்றால் தடிமன் சில மடங்காகிவிடும். உறை இல்லாமல் என்றால் விளிம்பை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், விரல் ரேகை வெள்ளியில் நன்றாகத் தெரியும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

என்னென்ன வேண்டும்

அட்டை ஒன்று: 300 ஜி.எஸ்.எம்., ஏ4 அளவு. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் சார்ட் காசின் எடைக்குத் தொய்ந்துபோகும். சென்னைவாசிகள் பாரிமுனைப் பக்கம் போனால் ஆண்டர்சன் தெருவில் கடை கடையாக அட்டை வகைகளைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மற்ற ஊர்களில் கல்யாணப் பத்திரிகை அச்சிடுகிற அச்சகத்தில் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டுகளே கிடைக்கும்.

இரண்டாவது, கெட்டி அட்டை. இதற்குக் காசு செலவழிக்காதீர்கள். முடிந்துபோன நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை போதும். நாணயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பத்தான் அது.

பேப்பர் கட்டர், எஃகு ஸ்கேல், டபுள் சைடு டேப், பென்சில், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று. பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வெட்டினால் கட்டர் ஸ்கேலைச் சீவிக்கொண்டு போகும், அடுத்த முறை கோடு வளைந்துதான் வரும். வெள்ளைப் பசையையும் தள்ளி வையுங்கள். அதில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய தாள் நெளிந்துவிடும். வேறு வழியில்லை என்றால் மெல்லத் தடவி, ஓர் இரவு முழுவதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைக்க வேண்டும்.

முதல் அட்டையை நல்ல அட்டையில் செய்யாதீர்கள். எல்லா வீட்டிலும் அலமாரியின் மேல்தட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருக்கும். அதில் ஒன்றை எடுத்து ஒத்திகை பாருங்கள். பிள்ளையார் படம் உள்ள பக்கத்தை வெட்டினால் அம்மாவிடம் திட்டு வாங்குவீர்கள், பின்பக்கத்தை வெட்டுங்கள்.

வெட்டு, மடிப்பு

ஏ4 தாள் 210 × 297 மி.மீ. அதன் நீளத்தை நடுவில் வெட்டினால் 148 × 210 அளவில் இரண்டு துண்டுகள் வரும். ஒன்று அட்டைக்கு, மற்றொன்று உள்ளே வைக்கும் பைக்கு. தவறு செய்யவும் அதிலேயே மிச்சம் இருக்கும்.

வெட்டுவதற்கு முன் தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். முழுத் தாளை நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை, மடிக்காமல் லேசாக வளைத்துப் பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் இளகி வளையும், மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும். இளகி வளையும் திசையில் மடிப்புக் கோடு அமைய வேண்டும். எதிர்த்திசையில் மடித்தால் மடிப்பில் தாள் விரிசல் விட்டு, நிறம் உதிர்ந்து வெள்ளைப் பல் தெரியும். இழை 297 மி.மீ. பக்கத்தோடு ஓடுகிற தாளாக இருந்தால் மேலே சொன்ன வெட்டு சரியாக இருக்கும்.

இப்போது 148 × 210 துண்டைக் கிடையாக, உள்பக்கம் மேலே தெரிய வையுங்கள். கடையில் வாங்குகிற வாழ்த்து அட்டையை நடுவில் ஒரே ஒரு மடிப்பு மடித்திருப்பார்கள். நமக்கு அது போதாது. உள்ளே இரண்டு மூன்று மி.மீ. தடிமனில் ஒரு பொருள் இருக்கும்போது ஒற்றை மடிப்பு அட்டை வாயைப் பிளந்துகொண்டே நிற்கும். புத்தகத்துக்கு இருப்பதுபோல ஒரு முதுகு வேண்டும். இடது ஓரத்திலிருந்து 103 மி.மீ.யில் ஒரு கோடு, 107 மி.மீ.யில் ஒரு கோடு. நடுவில் 4 மி.மீ. முதுகு. இரண்டு பக்கமும் 103.

கோட்டைப் பென்சிலில் அழுத்திப் போடக் கூடாது. அட்டையைத் திருப்பி, வெளிப்பக்கத்தில், எஃகு ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கீறுங்கள். பள்ளம் விழும். பள்ளம் விழுந்த பக்கம் வெளியே வரும்படி மடிக்க வேண்டும். பள்ளத்துக்குள் மடிப்பதுதான் சரி என்று கை தானாகவே போகும், என் கையும் வெகுநாள் அப்படித்தான் போனது. ஒரு துண்டில் இரண்டு விதமாகவும் மடித்துப் பாருங்கள். எது சுத்தமாக வருகிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

காசு உட்காரும் பை

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அரை மணி நேர வேலை.

பை மூன்று அடுக்கு கொண்டது. அடியில் இருப்பது அட்டையின் உள் வலப்பக்கமே. நடுவில் கெட்டி அட்டைச் சுவர். மேலே ஜன்னல் வெட்டிய மூடி. காசு மேலிருந்து நழுவி உள்ளே இறங்கும், ஜன்னல் வழியாக முகம் காட்டும், விரலால் மேலே தள்ளினால் வந்துவிடும். எந்த இடத்திலும் காசின் மேல் பசை படாது.

சுவருக்கு நோட்டு அட்டையில் 95 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரத்தில் துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மேல் ஓரத்தின் நடுவிலிருந்து 29 மி.மீ. அகலம், 49 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி எடுத்துவிட வேண்டும். பார்வைக்கு ‘ப’ எழுத்தேதான்: இரண்டு பக்கச் சுவர், அடியில் ஒரு தரை, மேலே திறப்பு. நாணயம் 27 மி.மீ., வாய்க்கால் 29 மி.மீ., இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. இளக்கம். 27-க்கு 27 வெட்டினால் காசு இறங்காது. 31 வெட்டினால் உள்ளே ஆடும், அட்டையை எடுக்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் கேட்கும்.

எத்தனை துண்டு? முன்பு எழுதி வைத்த தடிமனை எடுத்துக்கொள்ளுங்கள். நாணயத்தைப் பக்கத்தில் படுக்க வைத்து, அட்டைத் துண்டுகளை அடுக்கி, விரலை மேலே தடவிப் பாருங்கள். அட்டை அடுக்கு மயிரிழை உயரமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு துண்டு போதும், குறைந்தால் மூன்றாவதாக மெல்லிய அட்டை ஒன்று. துண்டுகளை ஒன்றோடொன்று டபுள் சைடு டேப்பால் ஒட்டுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: டேப் வாய்க்காலின் ஓரத்திலிருந்து இரண்டு மி.மீ. உள்வாங்கியே இருக்கட்டும். ஓரம் வரை ஒட்டினால் அந்தப் பிசின் காசைப் பிடித்துக்கொள்ளும்.

மூடிக்கு 300 ஜி.எஸ்.எம். துண்டில் அதே 95 × 60 அளவு, ஆனால் மேல் ஓரத்தின் நடுவில் ஒரு நாக்கு கூடுதலாக விட்டு வெட்டுங்கள். நாக்கின் அகலம் 25 மி.மீ., நீளம் 17 மி.மீ. இந்த நாக்கு பின்பக்கமாக மடிந்து வாய்க்காலுக்குள் சொருகிக்கொள்ளும். அட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் காசு விழாமல் இருப்பது இதனால்தான். மடிப்பை மூடியின் ஓரத்தோடு ஒட்டிப் போடாமல் இரண்டு மி.மீ. மேலே தள்ளிப் போடுங்கள். அந்தச் சிறு மேடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் பெறுகிறவர் நகத்தால் பிடித்து இழுக்க முடியும்.

இனி ஜன்னல். மூடியின் மேல் ஓரத்திலிருந்து, நாக்கைச் சேர்க்காமல், 35.5 மி.மீ. இறங்கி, அகலத்தின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். ஜன்னல் வட்டம் காசைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், 22 மி.மீ. சரியாக இருக்கும். வட்டம் போட காம்பஸ் வேண்டாம். பர்ஸைத் திறங்கள். ₹ சின்னத்தோடு 2011-இல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 22 மி.மீ.தான். அதைப் புள்ளியின் மேல் நடுவாக வைத்துக் கோடு இழுங்கள். 2019-க்குப் பின் வந்த ஒரு ரூபாய் 20 மி.மீ., அதை வைத்துவிட்டு ஜன்னல் ஏன் சின்னதாகிவிட்டது என்று குழம்பாதீர்கள்.

வட்டத்தை வெட்டும்போது கத்தியைத் திருப்பாதீர்கள், அட்டையைத் திருப்புங்கள். கத்தி ஓரிடத்தில் நிலையாக நிற்க, மறுகை அட்டையைச் சப்பாத்தி திரட்டும்போது மாவைத் திருப்புவதுபோல மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். முதல் சுற்றில் மேல்தோல் மட்டும் அறுபடட்டும். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் வெளியே வந்துவிடும். ஒரே அழுத்தில் அறுக்க நினைத்தால் வட்டம் முட்டையாகிவிடும், விரலும் போகும். ஓரத்தில் பிசிறு நின்றால் நகம் தேய்க்கும் அட்டையால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

மூடியைச் சுவரின்மேல் ஒட்டி, இன்னும் அட்டையில் ஒட்டாமல் ஒரு தாளின் மேல் வைத்து, காசைப் போட்டுப் பாருங்கள். சரிந்து இறங்கி ஜன்னலுக்கு நேராக நிற்க வேண்டும். கட்டைவிரலை ஜன்னலில் வைத்து மேலே தள்ளுங்கள், நாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். நான்கைந்து முறை இப்படிச் செய்யுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒட்டிவிட்டால் பிறகு கிழிக்கத்தான் முடியும்.

சூரியனை முகப்புக்குக் கொண்டுவருவது

காசு உள்ளே வலப்பக்கத்தில் இருக்கிறது. மூடிய அட்டையின் முகப்பிலும் ஒரு வட்டம் வெட்டினால், அட்டையைத் திறக்காமலே சூரியன் தெரியும். திறந்தால் அதே சூரியன் உள்ளே இருக்கும். பார்க்கிறவர் முகத்தில் ஒரு கணம் வியப்பு வரும். நான் இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு அந்த ஒரு கணம்தான் காரணம்.

காசை முகப்பு அட்டையிலேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். எட்டரை கிராம் முன்பக்க மேல்பாதியில் தொங்கினால் அட்டை மேசையில் நிற்காது, முகம் குப்புற விழும். பின்பக்கத்தில் இருந்தால் முன்பக்கம் அதற்கு முட்டுக்கொடுக்கும்.

முகப்பு வட்டம் உள் ஜன்னலைவிடப் பெரியதாக, 25 மி.மீ. இருக்கட்டும். இதற்கும் பர்ஸிலேயே அச்சு உண்டு: 2011-இல் வந்த இரண்டு ரூபாய் நாணயம், அல்லது 2019-க்குப் பின் வந்த ஐந்து ரூபாய். முகப்பில் மேல் ஓரத்திலிருந்து 50.5 மி.மீ. கீழே, அகலத்தின் நடுவில் அதன் மையம். பெரிதாக வெட்டுவதில் இரண்டு லாபம். ஒட்டும்போது ஒரு மி.மீ. விலகினாலும் தெரியாது. அதோடு 25-க்கும் 22-க்கும் இடையே உள் மூடியின் ஒரு மெல்லிய வளையம் தெரியும். அந்த வளையத்துக்கு ஆரஞ்சு நிறம் தீட்டிவிடுங்கள், சூரியனுக்கு ஒளிவட்டம் கிடைத்துவிடும்.

பையை ஒட்டும் இடத்தை அளந்து கண்டுபிடிக்க வேண்டாம். காசு போட்ட பையை உள் வலப்பக்கத்தில் சும்மா வைத்து, அட்டையை மூடி, முகப்பு வட்டத்தின் வழியாகப் பாருங்கள். காசு நடுவில் வரும்வரை பையை நகர்த்துங்கள். அசையாமல் திறந்து பையின் நான்கு மூலைகளிலும் பென்சிலால் புள்ளி வையுங்கள். பிறகு அடியில் டேப் ஒட்டிப் புள்ளிக்குப் புள்ளி உட்கார வையுங்கள். பையின் மேல் ஓரம் அட்டையின் மேல் ஓரத்திலிருந்து சுமார் 15 மி.மீ. கீழே வரும்.

படமும் எழுத்தும் ஒட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பை ஒட்டியபின் மேடு பள்ளமான தளத்தில் எழுதினால் பேனா தடுக்கும், பள்ளிக்கூடக் கையெழுத்துத்தான் வரும். வாழ்த்து உள் இடப்பக்கத்தில், வட்டத்துக்குக் கீழே. வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா காய நேரமாகும், கை பட்டால் இழுவிவிடும். வீட்டு பிரிண்டரில் அச்சிட நினைப்பவர்கள் 300 ஜி.எஸ்.எம். தாளை அதில் நுழைக்கப் பார்க்க வேண்டாம், பெரும்பாலானவை விழுங்காது. மெல்லிய தாளில் அச்சிட்டு ஒட்டலாம், அல்லது வண்ண அச்சுக் கடைக்குக் கோப்பை எடுத்துப் போகலாம்.

வரைய வராது என்பவர்களுக்கு: முகப்பில் சூரியனுக்குக் கீழே ஒரு பானை, இரண்டு பக்கமும் இரண்டு கரும்பு. அவ்வளவு போதும். பானையைப் பழுப்பு அட்டையில் வெட்டி ஒட்டிவிடலாம். அந்தக் காலத்தில் சிவகாசியில் அச்சாகி மார்கழியில் கடை வாசலில் கயிற்றில் தொங்கிய பொங்கல் வாழ்த்துகளில் பானை, கரும்பு, மாடு, சூரியன் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எனக்கு அவை பிடிக்கும். ஆனால் இந்த அட்டையில் உண்மையான பொருள் ஒன்று மின்னுகிறது, அதோடு போட்டி போட வேறெதையும் பக்கத்தில் வைக்காமல் விட்டால் நல்லது. ஜிகினாத் தூளை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். வாய்க்காலுக்குள் போய் காசை நெருடும்.

எடுப்பது எப்படி என்று சொல்லிவிடுங்கள்

என் பெரியம்மாவுக்கு இப்படி ஓர் அட்டை கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது ஷோகேஸில் இருந்தது, காசும் உள்ளேயே இருந்தது. “அச்சு எவ்வளவு தத்ரூபமாகப் போட்டிருக்கிறார்கள் பாரேன்” என்று என்னிடமே காட்டினார். அது நிஜக் காசு பெரியம்மா என்றேன். நம்பவில்லை, எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். அன்றிலிருந்து நாக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டு, ‘மேலே தள்ளவும்’ என்று எழுதிவிடுகிறேன்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் கையில் இந்த அட்டையைக் கொடுக்காதீர்கள். காசு நேராக வாய்க்குத்தான் போகும். பெற்றோர் கையில் கொடுங்கள்.

காசுக்குப் பதில் வேறு பரிசு என்றால்

ரூபாய் நோட்டு சுலபம்போலத் தெரியும், ஆனால் அளவு காலை வாரிவிடும். 500 ரூபாய் நோட்டு 150 × 66 மி.மீ., நம் அட்டையின் உயரம் 148. விரித்து வைத்தால் இரண்டு மி.மீ. எட்டிப் பார்க்கும். 200 ரூபாய் 146, 100 ரூபாய் 142, இவை நுழையும், ஆனால் பை ஒட்ட ஓரம் கிடைக்காது. எனவே பை வேண்டாம். 15 மி.மீ. அகலத்தில் ஒரு தாள் பட்டையைப் பக்கத்தின் குறுக்கே, இரண்டு முனைகளை மட்டும் ஒட்டி வையுங்கள், நோட்டை ஒரு முறை மடித்து அதற்குள் சொருகுங்கள். நோட்டில் ஸ்டேப்ளர் அடிப்பது, பசை தடவுவது, அதன்மேலேயே வாழ்த்து எழுதுவது மூன்றும் கூடாது. நோட்டுகளைச் சுத்தமாக வைத்திருக்கும்படி ரிசர்வ் வங்கி வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 501, 1001 என்று மொய்க் கணக்கில் கொடுப்பவர்கள் நோட்டுக்குப் பட்டையும், ஒற்றை ரூபாய்க்கு மேலே சொன்ன பையை அந்தக் காசின் அளவுக்குச் சுருக்கியும் சேர்த்துச் செய்யலாம். உறையின்மேல் பசை போட்டு ஒட்டி வரும் ரூபாயைப் பிய்த்தெடுக்கும் வேலை பெறுகிறவருக்கு மிச்சம்.

கம்மல் வேறு விதமான சிக்கல். முன்பக்கம் சின்னக் கல், பின்பக்கம் திருகாணி நீட்டிக்கொண்டிருக்கும். தட்டையான அட்டையில் குத்தினால் பின்னால் புடைத்து நிற்கும். தனி அட்டைத் துண்டில் கனமான ஊசியால் இரண்டு துளை போட்டுக் கம்மலை மாட்டி, அந்தத் துண்டின் நான்கு ஓரத்தையும் கீழ்நோக்கி மடித்து, டீப்பாய்போல ஒரு மேடையாக ஒட்ட வேண்டும். மேடையின் உயரம் திருகாணியோடு சேர்த்து அளந்ததைவிட ஒரு மி.மீ. கூடுதல். முதுகின் அகலத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். மூக்குத்தியை மட்டும் இப்படி வைக்காதீர்கள். சின்ன ஜிப் கவரில் போட்டு அந்தக் கவரை ஒட்டுங்கள். ஒரு முறை அட்டை திறந்த வேகத்தில் மூக்குத்தி பாயின்மேல் விழுந்து, ஒரு குடும்பமே மண்டியிட்டுத் தேடியதைப் பார்த்திருக்கிறேன்.

கீரை விதை கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்தது. எடை இல்லை, தடிமன் இல்லை. பட்டர் பேப்பரில் தீப்பெட்டி அளவில் ஒரு பொட்டலம் மடித்துப் பட்டைக்குள் சொருகினால் முடிந்தது. என்ன விதை, எப்போது வாங்கியது என்று மேலே எழுதிவிடுங்கள். சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு 34 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும், நம் ஊர் மதிய வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் அதைவிட அதிகம் இருக்கும். இனிப்பு கட்டாயம் என்றால் கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு துண்டு, அதுவும் எண்ணெய் கசியாமல் பட்டர் பேப்பரில் சுற்றி.

உறையும் பயணமும்

உறைக்கு 114 × 162 மி.மீ. அளவு கேளுங்கள், கடைக்காரர்கள் சி6 என்பார்கள். தடித்த தாளாக இருக்கட்டும். உள்ளே கடினமான பொருள் இருப்பதால் மெல்லிய உறை உராய்ந்து அந்த இடத்தில் மட்டும் வட்டமாகக் கிழியும்.

கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நல்லது. பணம், நாணயம், நகை எதையும் சாதாரணத் தபாலில் போடக் கூடாது. தபால் நிலையத்தில் உள்ளே இருப்பதைச் சொல்லி, காப்பீட்டோடு அனுப்ப என்ன வழி என்று கேட்டுச் செய்யுங்கள். விதை அட்டைபோல விலை மதிப்பில்லாததைத் தபாலில் அனுப்பலாம். ஆனால் தடித்த அட்டையும் தடித்த உறையும் சேர்ந்தால் எடை கூடிவிடலாம் என்பதால் எடை போட்டுத் தபால்தலை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வாழ்த்தைப் பெறுகிறவர் அபராதம் கட்டி வாங்க வேண்டியிருக்கும்.

கல்யாண வீட்டில் கொடுப்பதாக இருந்தால் உறையின்மேல் உங்கள் பெயரோடு ‘உள்ளே காசு இருக்கிறது’ என்றும் எழுதுங்கள். மொய் உறைகளைப் பிரிக்கிறவர்கள் நோட்டை மட்டும் உருவிக்கொண்டு அட்டையை ஓரமாகப் போட்டுவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை: கட்டிலின்மேல் அட்டையைத் தலைகீழாகப் பிடித்து மூன்று முறை உதறுங்கள். காசு விழுந்தால் நாக்கு குட்டையாகிவிட்டது, புதிய மூடி ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். மிச்சத் துண்டில் இன்னும் இடம் இருக்கும்.